அந்தக் கேசட் 1955-ல் பதிவானது அல்ல

கோத்தகிரியில் கம்பட்டராயர் திருவிழாவில் நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர் குழல் கலைஞர்கள் இருவர் சேர்ந்து வாசித்ததை 1955-லேயே நேரடியாகப் பதிவு செய்த ஒரிஜினல் கேசட் பரணில் கிடைத்தது என்று மேலே பகிர்ந்திருக்கிறீர்கள். வாசிப்பு அருமை, அதில் மறுபேச்சே இல்லை. இரண்டாவது குழல் கொஞ்சம் பின்தங்கி வந்து சேர்கிற இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டேன். வருஷம்தான் இடிக்கிறது.

இந்த வகைக் கேசட்டை பிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியதே 1963-ல்தான். அதனால் 1955-ல் கேசட்டில் பதிவு செய்திருக்க வழியே இல்லை. நீங்கள் போட்ட படத்தையே பெரிதாக்கிப் பாருங்கள், லேபிளில் டால்பி முத்திரை இருக்கிறது. டால்பி என்பது டேப்பின் இரைச்சலைக் குறைக்கும் நுட்பம், அதில் வீட்டு டேப்புகளுக்கான டால்பி பி வந்ததே 1968-ல். அப்புறம் மேல் விளிம்பில், பாட்டு அழியாமல் இருக்க நாம் உடைத்துவிடுவோமே அந்தச் சின்னத் தக்கை, அதை ஒட்டி இன்னொரு பள்ளம் தெரிகிறதா? அது குரோம் டேப்புக்கான (குரோமியம் ஆக்சைடு பூசிய டேப்) அடையாளம், 1970களில் வந்தது. வீட்டில் சாதாரணக் கேசட் ஏதாவது கிடந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதில் அந்தப் பள்ளம் இருக்காது.

சக்கரத்தில் சுற்றி வைக்கிற பழைய ஸ்பூல் டேப்பிலிருந்து பிற்பாடு இதில் ஏற்றியிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. அப்படியானால் தேட வேண்டியது அந்த ஸ்பூலைத்தான், கேசட்டைக் கொடுத்தவர் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அதுவரை தலைப்பில் 1955 என்பதை மட்டும் எடுத்துவிட்டால் நல்லது.