பேண்ட் வந்தால் போதுமா?

நேற்று சாயங்காலம் தரமணியில் எங்கள் லேபில் ஜூனியர் பெண் ஒருத்தி பிளாட்டைக் கொண்டுவந்து காட்டினாள். செல்லின் புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, அதில் ரிசப்டர் என்ற ஒரு புரதத்தை மட்டும் ஆன்டிபாடியால் தேடும் சோதனை அது. புரதம் கிடைத்தால் ஒரு கோடு தெரியும், அதுதான் பேண்ட். "பேண்ட் வந்துடுச்சுக்கா!" முகமெல்லாம் சிரிப்பு. "ரிசப்டரைக் குறைத்த செல்லில் என்ன வந்தது?" என்று கேட்டேன். அதில் பேண்ட் மங்கினால்தான் அது உண்மையிலேயே ரிசப்டர். அந்த ஒப்பீட்டுச் செல்லை, அதாவது கன்ட்ரோலை, அவள் போடவே இல்லை. போடச் சொல்லி யாரும் அவளுக்குச் சொல்லித்தரவும் இல்லை.

இதே இடத்தில் நானும் பத்து மாதத்தைத் தொலைத்திருக்கிறேன்.

கடன், பரீட்சை, வீட்டுச் சண்டை எதுவானாலும் உடம்பில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறும். அதைப் பிடித்துக்கொள்வது நாங்கள் தேடும் குளூகோகார்டிகாய்டு ரிசப்டர். 777 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். ஹார்மோன் இல்லாதபோது பெரும்பாலும் சைட்டோபிளாசத்தில் கிடக்கும். வந்துவிட்டால் நியூக்ளியஸுக்குள் போய் ஜீன்களை முடுக்கும், அடக்கும். அது எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, அதில் மட்டும் போய் ஒட்ட வேண்டிய ஆன்டிபாடிதான் கண்.

நான் வாங்கியது முயலில் எடுத்த பாலிகுளோனல், அதாவது பல ஆன்டிபாடிகளின் கலவை. ஒரு சின்னக் குப்பி, 100 மைக்ரோலிட்டர். ஒரு ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி) மாணவரின் மாத உதவித்தொகையான 37,000 ரூபாயை ஏறக்குறைய விழுங்கியது. பேண்டும் ரிசப்டரின் எடையான 95 கிலோடால்டன் பக்கம் அழகாக வந்தது. அப்புறம் ஒருநாள், ஒரு ஜீனை மட்டும் அடக்கும் எஸ்ஐஆர்என்ஏ என்ற சின்ன ஆர்என்ஏவைப் போட்டு ரிசப்டரைக் குறைத்துப் பார்த்தேன். ரிசப்டர் ஜீனின் ஆர்என்ஏ அளவு நன்றாக இறங்கியிருந்தது. பேண்ட் மட்டும் துளியும் மங்கவில்லை. அது வேறேதோ புரதம். நிறுவனத்துக்கு எழுதினேன், அதே லாட்டில் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதியில்) இன்னொரு குப்பி அனுப்பினார்கள்.

பாலிகுளோனலில் முயல் மாறினால் ஆன்டிபாடியும் மாறும். அதனால்தான் 2015-இல் நேச்சர் இதழில் நூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள், அமினோ அமில வரிசை தெரிந்த, ஜீனிலிருந்து அப்படியே திரும்பத் தயாரிக்கக்கூடிய ரீகாம்பினன்ட் ஆன்டிபாடிகளுக்கு மாறுவோம் என்று கேட்டார்கள். அதுவும் நம் செல்லில் சரியாக வேலை செய்கிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

வழிகாட்டிகளே, தயவுசெய்து மாணவரின் முதல் மாதத்தை, ஆன்டிபாடி சரியானதுதானா என்று பார்க்கும் இந்தச் சோதனைக்குக் கொடுங்கள். "கன்ட்ரோலுக்குப் பணம் இல்லை" என்ற பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. தப்பான பேண்டை இரண்டு வருஷம் அளக்க மட்டும் பணம் எங்கிருந்து வருகிறது? அந்த வருஷங்கள் பிள்ளைகளுடையவை.

திங்கட்கிழமை அவளோடு உட்காரப் போகிறேன். முதலில் எஸ்ஐஆர்என்ஏ. அடுத்து, கரித்தூளால் ஹார்மோன் நீக்கிய சீரத்தில் (செல் வளர்க்கச் சேர்க்கும் ரத்தத் திரவம்) செல்களை வைத்து, பாதிக்கு ஒரு மணி நேரம், கார்டிசால் போலவே வேலை செய்யும் டெக்ஸாமெத்தசோன். சாதா சீரத்திலேயே கார்டிசால் இருக்கும், அதை மறந்தால் ஒன்றும் புரியாது. அப்புறம் ஆன்டிபாடி காட்டும் நிறம் நியூக்ளியஸுக்குள் நகர்கிறதா என்று பார்ப்போம். நகராவிட்டால் அந்தக் குப்பியை ஓரமாக எடுத்து வைத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.