ஈரத் துண்டு கட்டிக்கொண்டு செப்டிக் டேங்கில் இறங்காதீர்கள்

தஞ்சாவூர், மன்னார்குடி பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: தீயணைப்பு வீரர்கள் முதுகில் மாட்டுவது ஆக்சிஜன் சிலிண்டராம், அது கட்டடத் தீக்கு மட்டும்தானாம், செப்டிக் டேங்கில் மயங்கியவரைத் தூக்க மூக்கில் ஈரத் துண்டு கட்டினால் போதுமாம். மூன்றுமே தப்பு. கடைசி வரி ஆளையே கொன்றுவிடும்.

சிலிண்டரில் இருப்பது நாம் சுவாசிக்கிற அதே காற்றுதான், 21 சதவீதம்தான் ஆக்சிஜன், சுத்தம் செய்து 300 பார் வரை, அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் சுமார் 300 மடங்கு அழுத்தி அடைத்திருப்பார்கள். 6 லிட்டர் சிலிண்டர் என்றால் சுமார் 1,800 லிட்டர் காற்று. கணக்குக்கு முக்கால் மணி நேரம், ஆனால் ஆளைத் தூக்கிக்கொண்டு இளைக்க இளைக்க ஏறினால் சீக்கிரமே தீர்ந்துவிடும். குறைந்தால் விசில் அடிக்கும்.

நெல் குடோனில் தீ அணைந்த பிறகு, கனன்றுகொண்டிருக்கும் சாக்குகளைக் கிளறும்போதும் சிலிண்டரோடு இணைந்த மாஸ்க்கைக் கழற்றக் கூடாது. அந்தப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது.

சரி, செப்டிக் டேங்க்? அங்கே இறங்கவும் இதே சிலிண்டரும் மாஸ்க்கும்தான் வேண்டும். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷ வாயு இருக்கும். முதலில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, வாயு போய்விட்டது என்று நினைத்துக்கொள்வோம். ஈரத் துணி புகையில் வரும் கரியைக் கொஞ்சம் தடுக்கும், இந்த வாயுவைத் தடுக்காது, உள்ளே இல்லாத ஆக்சிஜனையும் கொடுக்காது. அண்ணன் விழுந்தார் என்று தம்பி குதித்தால் இரண்டு உயிர் போகும். மேலேயே நின்று 101 அல்லது 112-ஐக் கூப்பிடுங்கள், டேங்கில் ஆள் விழுந்திருக்கிறார் என்று முதலிலேயே சொல்லுங்கள்.