தெருவில் படுப்பவர்களைப் பகலில் போய்க் கணக்கெடுத்தால் யார் இருப்பார்கள்?

பாலத்துக்கு அடியில் படுத்திருப்பவர்களை மாநகராட்சி வண்டியில் ஏற்றி, வீடில்லாதவர்களுக்கான காப்பகத்தில் விட்டால், மறுநாள் பேப்பரில் 'மீட்பு' என்று செய்தி வருகிறது. கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் அதில் பலபேர் பழைய இடத்திலேயே இருப்பார்கள். உடனே ஒரு வசனம் வரும்: "எவ்வளவு செஞ்சாலும் இவங்க திருந்த மாட்டாங்க." போன வாரம் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவிலும் இதே வசனம்தான். அங்கே பதில் போட்டால் சண்டையில்தான் முடியும் என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், காப்பகம் யாரும் மனமிரங்கிப் போடும் தருமம் இல்லை. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே, பெரிய நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒன்று வீதம், 24 மணி நேரமும் திறந்திருக்கும் காப்பகங்களை அமைக்கச் சொன்னது. 2013-ல் வந்த மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கமும் லட்சம் பேரை வைத்துத்தான் கணக்குப் போட்டது. லட்சத்துக்குக் குறைந்தது 100 பேர் தங்க இடம், ஒவ்வொரு காப்பகத்திலும் 50 முதல் 100 பேர், ஆளுக்கு 50 சதுர அடி. 100 வார்டாக விரிந்த கோவை மாநகராட்சியில் 2011 கணக்குப்படியே சுமார் 16 லட்சம் பேர். அப்படியென்றால் 16 காப்பகமாவது இருக்க வேண்டும். திருப்பூருக்கு எட்டுக் காப்பகமாவது வேண்டும். உங்கள் பகுதிக்குப் பக்கத்தில் எது, எங்கே என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்?

ஆனால் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் நான் சொல்லவரும் சிக்கல் தீராது. தெருவில் இருப்பவரிடம் யாரும் உட்கார்ந்து விசாரிப்பதில்லை. ஆதார் இருக்கா, சொந்த ஊர் எது, வண்டியில் ஏறு. அவ்வளவுதான் விசாரணை.

கோவை மேட்டுப்பாளையம் ரோட்டில் மொத்தக் காய்கறி மார்க்கெட் பக்கம் மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். மூடிய கடையின் படியில் சாக்கை விரித்து, தலைக்கு ஒரு மஞ்சப்பையை வைத்துப் படுத்திருந்தார். பையில் என்ன இருக்கிறதென்று நான் கேட்கவில்லை, அவராகவே எடுத்துக் காட்டினார். ஒரு வேட்டி, சர்க்கரை மாத்திரை அட்டை, பிளாஸ்டிக் உறையில் போட்ட பழைய ரேஷன் கார்டு ஜெராக்ஸ். அந்தக் கார்டிலிருந்து இவர் பேரை மகன் எடுத்துவிட்டாராம். தாளை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

"காப்பகத்துக்குப் போலாமில்லீங்களா?" என்றேன்.

"போனனுங்க கண்ணு. நல்லாத்தான் வெச்சிருக்காங்க, பொய் சொல்லக்கூடாது. ஒம்பது மணிக்குக் கேட்டைச் சாத்திப்போடறாங்க. எனக்கு லோடு வர்றதே பத்து மணிக்கு மேலதானுங்க. வேலை முடிஞ்சு வெடியக்காலம் போய்ப் படுத்தா, அப்பத்தான் எல்லாத்தையும் எந்திரிக்கச் சொல்றாங்க."

நாம் 'திருந்தாதவர்' என்று சொல்வது இவரைத்தான். ராத்திரி முழுக்க மூட்டை தூக்குகிற மனிதரை! இவருக்குத் தேவை பகலில் படுக்க ஒரு இடம், பையை வைத்துப் பூட்ட ஒரு பெட்டி. அப்புறம், பேர் நீக்கப்பட்ட ரேஷன் கார்டைச் சரிசெய்ய ஒரு ஆள். கார்டு இல்லாமல் மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகைக்கு அலைவதென்பது சாதாரண விஷயமில்லை. கார்டு வாங்க முகவரி வேண்டும், முகவரிக்கு வீடு வேண்டும். எங்கே போய் முட்டிக்கொள்வது?

இவர் ஒரு வகை. அரசு ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்து, கூட வந்தவர்கள் சொல்லாமல் கிளம்பிப் போனதால் வெளியே தங்கிவிட்டவர்கள் இன்னொரு வகை. குடியால் வந்தவர்களும் உண்டு, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. கல்யாண சமையலுக்குப் போகிறவர்கள் பேருந்து நிலையத்தை விட்டு நகர மாட்டார்கள். முகூர்த்த சீசனில் வேன் எந்நேரம் வரும், யாரைக் கூப்பிடும் என்று தெரியாதே. புருஷன் பெண்டாட்டியாக இருப்பவர்களை ஆண்கள் காப்பகம், பெண்கள் காப்பகம் என்று பிரித்துவிட்டால், சேர்ந்து பிளாட்பாரத்திலேயே இருந்துகொள்கிறோம் என்பார்கள். நாமாக இருந்தாலும் அதைத்தானே சொல்வோம்? மனநலம் பாதித்துத் திரிகிறவர்களுக்கு 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமே இருக்கிறது. தங்களைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவர்களைப் போலீஸ் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அவர்களை எல்லோரோடும் ஒரே ஹாலில் அடைத்தால் அவர்களுக்கும் நிம்மதியில்லை, மற்றவர்களுக்கும் தூக்கமில்லை.

திருப்பூர் கதை வேறு. அங்கே பலருக்கு வேலையும் ரூமும் ஒன்றாகத்தான் கிடைக்கின்றன. ஆர்டர் நின்றால் இரண்டும் ஒன்றாகப் போகும். நேற்றுவரை பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்தவர் இன்று ரயில்வே ஸ்டேஷனில் படுத்திருப்பார். அவருக்குத் தேவை நாலு வாரம் தலைசாய்க்க ஒரு இடம், ஒரு போன் சார்ஜர். அவ்வளவுதான். அவரிடம் போய் "நீ எந்த ஊர், உன் ஊருக்குப் போ" என்றால் எப்படி? வெளியூர்க்காரர் உழைப்பில்லாமல் அந்த ஊரில் ஒரு தறியாவது, ஒரு தையல் மிஷினாவது முழுநாள் ஓடுமா?

இங்கிலாந்தில் இப்படி ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிப்பதை ஒரு சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். 2018-லிருந்து, 56 நாளுக்குள் வீடு போய்விடும் என்ற நிலையில் இருப்பவர் போய்ச் சொன்னால்கூட, உள்ளூர் கவுன்சில் அவர் நிலைமையை மதிப்பிட வேண்டும். ஏன் இந்த நிலை, என்ன மாதிரி வீடு தேவை, கூட வேறென்ன உதவி தேவை என்று கேட்டு, அவரவருக்குத் தனித்தனியாகத் திட்டம் எழுதித் தர வேண்டும். அங்கே எல்லாம் பிரமாதம் என்று நான் சொல்லவில்லை. 'நீ உள்ளூரா', 'நீயாகத்தானே வீட்டை விட்டாய்' என்ற கேள்விகள் அங்கேயும் உண்டு, நிரந்தர வீட்டுக்குக் கைக்குழந்தைக்காரருக்கு இருக்கிற முன்னுரிமை தனியாள் ஆணுக்குக் கிடையாது. இருந்தாலும் வீடு போவதற்கு முன்னாலேயே கேட்கிறார்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

அது பணக்கார நாடு, நம்மால் முடியுமா என்பீர்கள். பணம் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். மத்தியத் திட்டத்தில் 50 பேர் காப்பகம் ஒன்றை நடத்த வருடத்துக்கு 6 லட்சம் ரூபாய் என்று வைத்திருந்தார்கள். வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 ரூபாய்கூட வராது. அதில்தான் காவலாள் சம்பளம், கரண்ட், துப்புரவு எல்லாம். காப்பகம் நடத்தும் தொண்டு அமைப்புகளைக் குறைசொல்ல எனக்கு மனசு வராததற்குக் காரணம் இதுதான். அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி இல்லையென்றால் பலபேர் காலை வயிறு என்ன ஆகியிருக்குமோ.

ஆனால் போய்ப் பார்த்து விசாரிக்கப் பெரிய செலவில்லை. நம் நாட்டிலேயே அதற்கு வழி இருக்கிறது. வீடில்லாதவர் வாக்காளர் பட்டியலில் சேர விண்ணப்பித்தால் முகவரிச் சான்று கேட்கக்கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. அவர் படுக்கிற இடத்துக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் நேரில் போக வேண்டும். அதுவும் ஒரே ராத்திரி போதாது. அங்கேதான் தூங்குகிறார் என்று உறுதியானால் பேரைச் சேர்த்துவிடலாம். ஓட்டுக்காகப் பிளாட்பாரத்தை முகவரியாக ஒத்துக்கொள்கிற அரசு, ரேஷன் கார்டுக்கும் உதவித்தொகைக்கும் அதே மனிதரிடம் கரண்ட் பில் கேட்பது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

மாநகராட்சியும் ராத்திரி பத்து மணிக்கு மேல் போகட்டும். வண்டி வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும். கூட ஒரு நர்ஸ், ரேஷன் கார்டு வேலை தெரிந்த ஒரு ஆள். மார்க்கெட், பஸ் ஸ்டாண்ட், ஆஸ்பத்திரி வாசல், உக்கடம் பக்கம் என்று நாலு இடத்தில் ஒரு மாதம் பேசினாலே எந்தக் காப்பகத்தைப் பகலிலும் திறந்து வைக்க வேண்டும், எங்கே குடும்பத்தோடு தங்க இடம் வேண்டும் என்று தெரிந்துவிடும்.

எங்கள் வார்டில் மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டம் அடுத்து நடக்கும்போது இதை மனுவாகக் கொடுப்பதாக இருக்கிறேன். கூட வர விருப்பமுள்ள கோவை நண்பர்கள் கமெண்டில் சொல்லுங்கள். திருப்பூர், ஈரோட்டில் காப்பகங்களோடு பழக்கம் உள்ளவர்கள், அங்கே கேட் எத்தனை மணிக்குச் சாத்துகிறார்கள், குடும்பத்தோடு போனால் இடம் தருகிறார்களா என்பதை மட்டும் எழுதினால் போதும், மனுவில் சேர்த்துக்கொள்கிறேன்.