1947-ல் ஒரு டாலர் ஒரு ரூபாயா?

சுதந்திரத்தின்போது ரூபாயும் டாலரும் சமம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் மறுபடியும் சுற்றுகிறது. தவறு. அப்போது ரூபாயின் மதிப்பு பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது: ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு). ஒரு பவுண்டுக்கு 4.03 டாலர். கணக்குப் போட்டால் ஒரு டாலர் கிட்டத்தட்ட 3 ரூபாய் 5 அணா (16 அணா ஒரு ரூபாய்). சர்வதேச நாணய நிதியம் 1946 டிசம்பரில் அறிவித்த பட்டியலிலும் இதே மதிப்புதான், சரிபார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், அதே படத்தில் விலையெல்லாம் ரூபாய்க்கு நூறு பைசா கணக்கில்! அது வந்ததே 1957 ஏப்ரலில். 1945-ல் மடியில் முடிந்து வைத்தது நடுவில் ஓட்டை போட்ட காலணா. 64 சேர்ந்தால் ஒரு ரூபாய். பழைய விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுங்கள், தப்பில்லை. அந்தப் படத்தை மட்டும் இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.