தெபொராள் என்றால் சுறுசுறுப்பா?

அக்கா மகளின் ஞானஸ்நான அழைப்பிதழ் நேற்று வந்தது. பெயர் தெபோரா. சாராள், அன்னாள் வரிசையில் தமிழ் வேதாகமம் சேர்த்துவைத்த ‘ள்’ இப்போது யாருக்கும் வேண்டாம் போலிருக்கிறது. அது போகட்டும். பெயருக்குக் கீழே பொன்னிற எழுத்தில், ‘தேனீயைப் போல் சுறுசுறுப்பானவள்’ என்று விளக்கம். பிறந்து 40 நாள்தான் ஆகிறது. பாதி நாள் தூக்கம்.

எபிரேயத்தில் தெவோரா என்றால் தேனீதான், அதில் தகராறில்லை. சுறுசுறுப்பு எங்கிருந்து வந்தது? எபிரேய வேதத்தில் இந்தப் பூச்சி நான்கே இடங்களில் வருகிறது. ஓரிடத்தில், சிம்சோன் கொன்ற சிங்கத்தின் உடலில் தேன் சேர்த்து வைத்திருக்கிறது. உபாகமத்திலும் 118ஆம் சங்கீதத்திலும் ஏசாயாவிலும் அது எதிரிப்படை: துரத்துகிறது, வளைத்துக்கொள்கிறது. சோம்பேறிக்குப் புத்தி சொல்ல நீதிமொழிகள் கூப்பிடுவது எறும்பை மட்டுமே. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில்தான் எறும்புக்குப் பின்னால் தேனீயும் வந்து ஒட்டிக்கொண்டது.

நியாயாதிபதிகள் புத்தகத்துத் தெபொராளைப் பாருங்கள். ராமாவுக்கும் பெத்தேலுக்கும் நடுவே ஒரு பேரீச்சமரத்தடியில் உட்கார்ந்து வழக்குத் தீர்த்தவள். எதிரிப் படைத்தலைவன் சிசெராவிடம் 900 இரும்பு ரதங்கள். அவள் பாராக்கை வரவழைத்து, ஆட்களோடு தாபோர் மலைக்குப் போகச் சொல்கிறாள். பாராக் என்றால் மின்னல். அந்த மின்னல், ‘நீயும் வந்தால் போகிறேன், வராவிட்டால் போகமாட்டேன்’ என்று நிற்கிறது. அவள் எழுந்து கூடவே போனாள்.

யூதர்களின் சட்ட, விளக்க நூலான தல்மூதின் ரபிகளில், அதாவது மதகுருக்களில், ஒருவருக்கு அவள் பாராக்கை வரவழைத்தது பொறுக்கவில்லை. பெண்ணுக்குத் திமிர் ஆகாது, திமிர் பிடித்தவளுக்குப் பெயரும் அருவருப்பாகவே அமைந்தது என்று சொல்லி, குளவி என்று பெயர்த்துவிட்டார். அவளே தேடி வைத்துக்கொண்ட பெயரா அது? ஆனாலும் அவருக்குக் கொடுக்கு கண்ணில் பட்டிருக்கிறது. நம் அழைப்பிதழ்க்காரர்களுக்கு அதுவும் படவில்லை.

யோர்தான் பள்ளத்தாக்கின் தெல் ரெகோவில் 2007இல் ஏறத்தாழ 3000 ஆண்டுப் பழைய தேனீப் பண்ணையைத் தோண்டி எடுத்தார்கள். வைக்கோல் கலந்த களிமண் உருளைகள், ஒன்றன்மேல் ஒன்றாக வரிசை வரிசையாய். உள்ளே கருகிக் கிடந்த தேனீக்களை ஆராய்ந்தபோது, அவை இன்றைய துருக்கிப் பக்கத்து இனத்தை ஒத்திருந்தன. உள்ளூர்த் தேனீ, அதாவது தெபொராளின் நாட்டுத் தேனீ, மூர்க்கமானது. அதனால்தான் வெளியிலிருந்து வரவழைத்திருப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் எண்ணம்.

இதையெல்லாம் அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். “அதற்காக, ‘கொட்டுகிறவள்’ என்றா அச்சடிக்க முடியும்?” என்றாள்.