போடோசின் மரபணுவில் மாற்றம் இருந்தாலே சிறுநீரகம் செயலிழந்துவிடுமா?

‘பரிசோதனையில் போடோசின் மரபணு மாற்றம் தெரிந்தால் சிறுநீரகம் கெடுவது உறுதி’ என்றொரு செய்தி பகிரப்படுகிறது. அது தவறு. அதை நம்பிக் கலங்கும் பெற்றோரை நினைத்தால் மனம் வலிக்கிறது.

போடோசின், சிறுநீரக வடிகட்டியில் உள்ள போடோசைட் செல்களின் சவ்வில் இருக்கவேண்டிய புரதம். அதன் 138-ஆம் இடத்தில் அர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் குளுட்டமின் என்ற அமினோ அமிலம் வந்தாலும் புரதம் உருவாகத்தான் செய்கிறது. ஆனால் சரியாக மடியாமல், செல்லுக்குள்ளேயே புரதங்கள் மடிக்கப்படும் இடமான எண்டோபிளாச வலையில் சிக்கிக்கொள்கிறது. வடிகட்டியின் மற்றொரு புரதமான நெஃப்ரினை உரிய இடத்தில் சேர்க்க அதனால் முடிவதில்லை. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த மரபணுவின் இரு பிரதிகளிலும் இம்மாற்றம் இருந்தால், சிறுவயதிலேயே ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படாத நெஃப்ரோடிக் நோய் (சிறுநீரில் புரதம் கசியும் நோய்) வரும். கொடியதுதான்.

229-ஆம் இடத்து மாற்றம் அப்படியல்ல. பலர் அதோடு நலமாக வாழ்கிறார்கள். மறு பிரதியில் குறிப்பிட்ட சில மாற்றங்கள் சேர்ந்தால்தான் அது நோயாகிறது.