மனு எழுதுவதும் ஏரி வேலைதான்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பெங்களூர் ஏரியைச் சுத்தம் செய்தவர்கள் கூடிய ஏரிக்கரை மேடையில் என்ன பேசப்பட்டது என்று இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த வீடியோவை இங்கே மறுபடியும் போடப் போவதில்லை, பேசியவர் பெயரையும் இழுக்கப் போவதில்லை. "மனு எழுதுறவங்களால ஒரு ஏரியும் பிழைச்சதில்ல, சேத்துல இறங்கினவங்கதான் காப்பாத்தினாங்க" என்ற அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நேரில் கேட்டவள் நான். கைதட்டியவர்களில் பலர் என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனவர்கள். அதனால்தான் அன்றைக்கு வாயைத் திறக்காமல் எழுந்து வந்தேன்.

சேற்றில் இறங்கியவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆகாயத்தாமரையை வேரோடு இழுத்துக் கரையேற்றினால் முதுகு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும், அந்தச் சேற்றில் நானும் நின்றிருக்கிறேன். ஆனால் அள்ளிப் போட்ட ஆகாயத்தாமரை ஏன் சில மாதத்தில் திரும்ப மண்டுகிறது? கழிவுநீர் வந்துகொண்டே இருப்பதால். கழிவுநீர் ஏன் வருகிறது? மேலே இருக்கும் அடுக்குமாடிகளின் குழாயை ராஜகாலுவேயில், அதாவது ஏரிக்கு மழைநீர் கொண்டுவரும் பெரிய கால்வாயில், திருப்பி விட்டிருப்பதால். அதற்கு யார் அனுமதி கொடுத்தது, எந்தக் கோப்பில், எந்தத் தேதியில்? மண்வெட்டியால் இதற்குப் பதில் கிடைக்காது. யாராவது உட்கார்ந்து மனு எழுதித்தான் ஆக வேண்டும். இந்த ஏரி விஷயத்தில் எழுதியது நானும் என்னோடு வேலை செய்யும் மூன்று பேரும்.

பெல்லந்தூரை நினைத்துப் பாருங்கள். சுமார் 900 ஏக்கர் ஏரி. 2017 பிப்ரவரியில் தீப்பிடித்தது. 2018 ஜனவரியில் மறுபடியும் எரிந்தபோது அணைக்க ராணுவ வீரர்கள் வர வேண்டியிருந்தது. சாலையில் பறந்த நுரையை இந்த ஊரில் படம் எடுக்காதவர் இல்லை. அந்தத் தண்ணீர் அங்கேயேவா நிற்கிறது? வர்த்தூர் ஏரிக்குப் போய், தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூர் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் திரும்பவும் நுரையாகப் பொங்குகிறது. அதற்குக் கீழே கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் என்று அந்த ஆற்றை நம்பி இருப்பவர்கள் நம் ஆட்கள். நாம் பெங்களூரில் துணி துவைத்த சோப்புத் தண்ணீர் அவர்கள் வயலுக்குப் போகிறது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் இறங்கி அந்த நுரையை அள்ளுவீர்கள்? 2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநில அரசுக்கு 50 கோடி, மாநகராட்சிக்கு 25 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. சுத்திகரிப்பு நிலையமும் தூர்வாருவதும் பேச்சிலிருந்து பட்ஜெட்டுக்கு நகர்ந்தது இப்படிப்பட்ட உத்தரவுகளின் அழுத்தத்தில்தான். அந்த உத்தரவு வானத்திலிருந்து விழவில்லை. ஆய்வு அறிக்கை, ஆதாரம், வாய்தா, மறுபடி வாய்தா என்று யாரோ அலைந்ததால் வந்தது.

இரும்பு மேம்பாலத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் மேடையில் அதைத்தான் "மக்கள் சக்தி" என்று உதாரணம் காட்டினார்கள். பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை கட்டத் திட்டமிட்ட பாலம், செலவு 1,791 கோடி ரூபாய், வெட்ட வேண்டியது 812 மரங்கள். 2016 அக்டோபர் 16 அன்று மக்கள் கைகோத்து நின்ற மனிதச் சங்கிலி எல்லோருக்கும் நினைவிருக்கிறது. நானும் அந்த வரிசையில் நின்றேன், இன்று நினைத்தாலும் மனசு நிறைகிறது. ஆனால் அதே மாதம் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இடைக்காலத் தடை விதித்தது யாருக்காவது நினைவிருக்கிறதா? அதற்கான மனுவை எழுதியவர்களை யார் போட்டோ எடுத்தார்கள்? 2017 மார்ச்சில் அரசு திட்டத்தைக் கைவிட்டதற்கு இரண்டும் வேண்டியிருந்தது. சங்கிலியை மட்டும் எடுத்துக்கொண்டு மனுவைத் தூக்கிப் போடாதீர்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

மனு எழுதுவது என்றால் என்ன வேலை என்று தெரியாமல்தான் பலர் கைதட்டினார்கள் என்று நம்ப விரும்புகிறேன். அதனால் சொல்கிறேன். கர்நாடகத்தில் தகவல் உரிமை விண்ணப்பம் 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும், ஒரு விண்ணப்பத்தில் ஒரே விஷயம்தான் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். ஒரு வார்த்தை தளர்வாக விழுந்தால் "நீங்கள் கேட்டது தெளிவாக இல்லை" என்று திரும்பி வரும். பதிலுக்கு 30 நாள், வராவிட்டால் மேல்முறையீடு, அதற்கும் ஒரு காத்திருப்பு. நடுவில் நேரில் போனால் கன்னடத்தில் "நாளெ பன்னி மேடம்", நாளைக்கு வாங்க என்பார்கள். நாளைக்குப் போனால் அந்த அதிகாரி மாற்றலாகிப் போயிருப்பார், புதிதாக வந்தவருக்கு ஏரி எந்தப் பக்கம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் ஏரியின் பழைய கிராம வரைபடம் கடைசியில் கையில் கிடைத்த நாளை மறக்கவே மாட்டேன். துணியில் ஒட்டிய பழுப்புத் தாள், மடிப்பெல்லாம் கிழிந்து, ஓரத்தில் கறை. அதில் ஏரிக்கு வடக்கே இரட்டைக் கோடாக ஒரு கால்வாய் வளைந்து இறங்குகிறது. புது லேஅவுட்டின் வரைபடத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தோம். அந்த இரட்டைக் கோட்டின் மேல் 30 அடிச் சாலையும் இரண்டு வரிசை வீட்டு மனையும் இருந்தன. கால்வாயையே காணோம். சர்வே எண்ணைப் போட்டு, இரண்டு வரைபடத்தையும் இணைத்துக் கொடுத்த அந்த ஆட்சேபனை மனுவால்தான் அங்கே வேலை நின்றது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லோரும் நின்று செல்ஃபி எடுத்த வடக்குக் கரை அதுதான். அந்த மேடை போட்டிருந்த இடமும் அதுதான்.

சித்தப்பா அந்த வீடியோவைக் குடும்ப குரூப்பில் போட்டு, கீழே கைதட்டும் பொம்மையும் போட்டிருந்தார். மற்றவர்கள் எதை வேண்டுமானாலும் பகிரட்டும். சித்தப்பா, நீங்களுமா? நான் அல்சூரில் உங்கள் வீட்டில் தங்கித்தான் படித்தேன். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கில் மீன் செத்து மிதந்தபோது நாற்றம் தாங்காமல் ஜன்னலை அடைத்துவிட்டு, "யாராவது கேக்க மாட்டாங்களாம்மா" என்று என்னிடம் கேட்டது நீங்கள்தான். கேட்பதையே வேலையாக எடுத்துக்கொண்டு நான் இருக்கிறேன். இதை உங்களுக்கு போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் எல்லோர் முன்னாலும் கைதட்டினீர்கள், நானும் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

சரி, வரப்போகிற கமெண்டுகளுக்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

"வளர்ச்சிக்கு எதிரிகள்" என்பவர்களுக்கு: 2022 செப்டம்பர் வெள்ளத்தில் வெளிவட்டச் சாலையில் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனவர்களைக் கேளுங்கள்.

"வெளிநாட்டுப் பணம்" என்பவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைச் சொல்பவர்களுக்கு எந்த ஆதாரமும் தேவைப்படுவதில்லை. நாங்கள் வெளிநாட்டு நன்கொடை வாங்குவதில்லை. 2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, நிர்வாகச் செலவின் உச்ச வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக்கினார்கள். பணம் வாங்கும் பெரிய அமைப்பு சின்ன அமைப்புக்குப் பகிர்ந்து கொடுப்பதையும் தடை செய்தார்கள். எங்களைப் போல நாலு பேர் இருக்கும் இடத்துக்கு அந்த வழி அத்தோடு மூடியாயிற்று. அப்புறம் இருப்பது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. 2013 கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பாதிக்கும் நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும், நல்ல சட்டம்தான். ஆனால் போய் உட்கார்ந்தால் முதல் கேள்வி "எத்தனை மரம் நடுவீங்க?" அடுத்த கேள்வி "எங்க பேர் எங்க வரும்?" ஒரு விதி மாறாமல் காத்தோம், ஒரு கால்வாயை மூடாமல் தடுத்தோம் என்றால் அதன் மேல் போர்டு வைக்க முடியாது. அதனால் பணமும் கிடையாது. மாதக் கடைசியில் எங்கள் சம்பளம் எப்படி வருகிறது என்று கணக்கு பார்க்க விரும்புபவர்கள் தாராளமாக அலுவலகத்துக்கு வாருங்கள், எல்லா ரசீதும் இருக்கிறது.

"அப்படி என்ன சாதித்துவிட்டீர்கள்?" இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிற கேள்வி. எங்கள் வேலையில் வெற்றி என்றால் பெரும்பாலும் ஒன்று நடக்காமல் போவது. 2020 மார்ச்சில், ஊரடங்கு தொடங்கிய நேரத்தில், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளுக்குப் புது வரைவு வந்தது. அனுமதி வாங்காமல் கட்டிவிட்டுப் பிறகு அனுமதி கேட்கலாம், மக்கள் கருத்துச் சொல்ல 30 நாளுக்குப் பதில் 20 நாள் போதும் என்றது. வந்தது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். தூத்துக்குடி மீனவர் எதைப் படித்து ஆட்சேபனை எழுதுவார்? டில்லி உயர் நீதிமன்றம் அரசியலமைப்பு அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொல்லி, கருத்துச் சொல்லும் காலத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. நம் கர்நாடக உயர் நீதிமன்றம் இறுதி அறிவிக்கை வெளியிட இடைக்காலத் தடை போட்டது. லட்சக்கணக்கில் மின்னஞ்சல்கள் போயின. அந்த இரவுகளில் தமிழில் சுருக்கம் எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அந்த வரைவு அந்த வடிவத்தில் சட்டமாகவில்லை. இதற்கு என்ன போட்டோ காட்டட்டும்?

இப்போதும் பாருங்கள். ஏரியைச் சுற்றி 30 மீட்டருக்குள் கட்டக் கூடாது என்ற விதியை மாற்றி, ஏரியின் பரப்புக்கு ஏற்ப இடைவெளியைக் குறைக்கும் திருத்த மசோதா 2025-ல் கர்நாடகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 100 ஏக்கருக்கு மேல் இருந்தால்தான் 30 மீட்டர், சின்ன ஏரிக்கு வெறும் சில மீட்டர். நீங்கள் சுத்தம் செய்த ஏரி எத்தனை ஏக்கர் என்று மேடையில் யாராவது சொன்னார்களா? உங்கள் கண் முன்னால் கரை சுருங்கும், நீங்கள் அப்போதும் பிளாஸ்டிக் பாட்டில் பொறுக்கிக்கொண்டிருப்பீர்கள். கடுமையாக இருக்கிறதா? எனக்கும் ஞாயிற்றுக்கிழமை கடுமையாகத்தான் இருந்தது.

எனக்குப் பொறாமை என்று யாரோ எழுதியிருந்தீர்கள். மேடைக்கும் மாலைக்கும் இல்லை. எங்களோடு இருந்த பெண் ஒருத்தி, சட்டம் படித்தவள், தங்கவயல் குடும்பம், எந்த அரசாணையையும் ஒரு முறை படித்தால் ஓட்டை எங்கே என்று சொல்லிவிடுவாள். போன மாதம் வேலையை விட்டுப் போய்விட்டாள். வீட்டில் கல்யாணப் பேச்சு, "பொண்ணு என்ன வேலை பார்க்குது" என்று கேட்டவர்களுக்கு அவள் அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லையாம். இப்போது ஒரு பெரிய கம்பெனியில் சுற்றுச்சூழல் அறிக்கை எழுதுகிறாள், சம்பளம் மூன்று மடங்கு. அவளை நான் குறை சொல்லவே மாட்டேன். அவள் அம்மாவும் அந்த வீடியோவைப் பார்த்திருப்பார் இல்லையா? "நல்லவேளை, பொண்ணு வந்துட்டா" என்று நினைத்திருப்பார் இல்லையா? ஒரு கைதட்டலுக்காகப் பேசினீர்கள். அவளைப் போல இன்னொருத்தி இந்த வேலைக்கு வர நினைத்திருந்தால் அவளையும் சேர்த்து விரட்டிவிட்டீர்கள்.

இதற்கு மேல் இதைப் பற்றி எழுத மாட்டேன், வேலை இருக்கிறது. எங்கள் பகுதியில் சாலை அகலப்படுத்த மரம் வெட்டும் அறிவிப்பு வந்திருக்கிறது. 50 மரத்துக்கு மேல் என்பதால் மர அதிகாரி பொது அறிவிப்பு கொடுத்தே ஆக வேண்டும், ஆட்சேபனை சொல்ல நமக்கு 10 நாள். அதில் பாதி போய்விட்டது. மரங்களை எண்ணி, வகை எழுதி, படத்தோடு ஒரு மாதிரிக் கடிதம் கன்னடத்திலும் தமிழிலும் தயார் செய்திருக்கிறோம். அப்படியே நகலெடுக்காமல் உங்கள் தெருவையும் உங்களுக்குத் தெரிந்த மரத்தையும் சேர்த்து எழுதுங்கள், ஒரே மாதிரி வந்தால் ஒரே கடிதம் என்று ஒதுக்கிவிடுவார்கள். வேண்டுபவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கைதட்டியவர்களும் கேட்கலாம், அனுப்புகிறேன்.